பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களைக் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உங்கள் கணினியில் குரோமைத் திறந்து, பாஸ்வேர்ட் சேமித்து வைத்திருக்கும் ஏதாவது ஒரு தளத்தின் லாகின் பக்கத்துக்குப் போங்கள். பெயரும் பாஸ்வேர்டும் தானாக நிரம்பும். பாஸ்வேர்ட் இடத்தில் கரும்புள்ளிகள் மட்டும் தெரியும். அந்தப் புள்ளிகள் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். ஓரத்தில் நிரல் வரிகள் விரியும். வண்ணமிட்டுக் காட்டும் வரியில் ‘டைப்’ என்பதற்கு எதிரே ‘பாஸ்வேர்ட்’ என்று இருக்கும். அதை இரண்டு முறை கிளிக் செய்து, ‘டெக்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து என்டர் தட்டினால் புள்ளிகள் எழுத்துகளாகிவிடும்.

பெரும்பாலான கணினிகளில் இதற்கு விண்டோஸ் ‘பின்’ (லாகின் எண்) கேட்காது, எச்சரிக்கையும் வராது. நீங்கள் டீ குடிக்கப் போயிருக்கும் நேரம் போதும். பாஸ்வேர்ட் மேனேஜருக்குள் போய்க் கண் சின்னத்தை அழுத்தினால்தான் குரோம் பின் கேட்கிறது. லாகின் பக்கத்தில் நிரப்பும்போது, அமைப்பை மாற்றாதவரை, கேட்பதில்லை. அந்த அமைப்பு எங்கே என்று பின்னால் வருகிறது.

அப்படியென்றால் பிரவுசரில் சேமிக்கவே கூடாதா? தாராளமாகச் சேமிக்கலாம் என்பது என் கட்சி. சேமிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் கடைசியில் ஊர்ப் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்ட்கள் அப்படியே படிக்கும் நிலையில் கசிந்தன. மற்ற கணக்குகளை உடைக்க அந்தப் பட்டியலை இன்றைக்கும் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு சில்லறைத் தளத்தில் கசிந்தது உங்கள் மெயிலையும் திறக்கும் என்றால், ஞாபகத்தில் வைத்திருந்து என்ன பயன்? பிரவுசர் தளத்துக்கு ஒன்றாக நீளமான பாஸ்வேர்டை உருவாக்கிக் கொடுக்கும். இன்னொன்று, அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும். உங்கள் வங்கிப் பக்கம் போலவே இருக்கும் போலிப் பக்கம் நம் கண்ணை ஏமாற்றிவிடும், பிரவுசரை ஏமாற்றாது. வழக்கமாக நிரம்பும் இடத்தில் ஒருநாள் நிரம்பவில்லை என்றால், கையால் அடிப்பதற்கு முன் முகவரிப் பட்டையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சேமித்ததைத் திருட மூன்று வழிகள் உண்டு. திறந்து கிடக்கும் உங்கள் கணினியில் ஒருவர் உட்காரலாம். உங்கள் பெயரிலேயே ஓடும் ஒரு கெட்ட நிரல் மொத்தத்தையும் அள்ளலாம். அல்லது பாஸ்வேர்ட்கள் சிங்க் ஆகும் (உங்கள் எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேரும்) கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் கணக்கையே ஒருவர் எங்கோ உட்கார்ந்தபடி கைப்பற்றலாம். முதலாவதை அடைக்கும் பூட்டு மற்ற இரண்டை அடைக்காது. பலர் கணினிக்கு ஒரு பின் போட்டுவிட்டு மூன்றும் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளை எந்த வழியை எது அடைக்கிறது என்று பார்த்தபடி செய்யுங்கள்.

முதல் படி: என்னென்ன கிடக்கிறது?

குரோமில் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘பாஸ்வேர்ட்ஸ் அண்ட் ஆட்டோஃபில்’ வழியாக ‘கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்’ போங்கள். ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடுகளை அழுத்தினால் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்று நேராகவே இருக்கும். எட்ஜில் செட்டிங்ஸுக்குள் பாஸ்வேர்ட் பகுதி.

பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். நம் வீடுகளில் ஒரு லேப்டாப்தான் தெருவுக்கே பொது. அக்கா மகனின் கலந்தாய்வு லாகின், மாமாவின் ரயில் டிக்கெட் கணக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டுக் கொடுத்த ஏதோ விண்ணப்பம் என்று எல்லாம் உங்கள் பெயரில் சேர்ந்து கிடக்கும். அடுத்தவருடையதை முதலில் அழியுங்கள். நீங்கள் இனி போகவே போகாத தளங்களில் முடிந்தால் கணக்கையே மூடிவிட்டு, அதன் பிறகு பதிவை அழியுங்கள்.

பிறகு குரோமில் இடது பக்கம் உள்ள ‘செக்கப்’பை ஓட்டுங்கள். கசிந்தவை, பல இடங்களில் ஒரே மாதிரி இருப்பவை, வலு இல்லாதவை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். கசிந்தவற்றை இன்றே மாற்றுங்கள். ஒரே மாதிரி இருப்பவற்றில் மெயில், பணம், அரசு சேவை ஆகியவற்றை இந்த வாரத்துக்குள் முடித்தால் போதும். வலு இல்லாத ஒரு சமையல் குறிப்புத் தளத்துக்காக ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது படி: கணினியின் பூட்டு

எழுந்திருக்கும்போதெல்லாம் விண்டோஸ் சாவியும் எல் எழுத்தும் அழுத்துவது பழக்கமாக வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டில் ஆளுக்கு ஒரு விண்டோஸ் கணக்கு. செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதியில் ஐந்து நிமிட வேலை. பிள்ளைகளின் கணக்கை அட்மினாக வைக்காதீர்கள். குரோமில் தனித்தனி புரொஃபைல் வைத்திருக்கிறோமே என்பார்கள். வண்ணமும் படமும் வேறாக இருக்குமே தவிர, அதற்குப் பூட்டு கிடையாது. ஒரே விண்டோஸ் கணக்குக்குள் இருக்கும் யாரும் எந்த புரொஃபைலையும் திறக்கலாம்.

யாராவது “ஒரு நிமிஷம் மெயில் பார்த்துக்கறேன்” என்று லேப்டாப்பைக் கேட்டால் ‘கெஸ்ட்’ சன்னலைத் திறந்து கொடுங்கள். இன்காக்னிட்டோ இதற்கு உதவாது. அதிலும் நீங்கள் சேமித்த பாஸ்வேர்ட்கள் நிரம்பும். கெஸ்டில் நிரம்பாது.

லேப்டாப்பே திருடு போனால்? வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்கலாம். வட்டில் உள்ளதையே குறியாக்கிப் பூட்டும் வசதி, விண்டோஸ் பதிப்பைப் பொறுத்து ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது ‘பிட்லாக்கர்’ என்று இருக்கும், அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி அலமாரியில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.

மூன்றாவது படி: பிரவுசரின் பூட்டு

ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்கள் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அது உங்கள் பாஸ்வேர்ட்களை புரொஃபைல் கோப்புறையில் ஒரு கோப்பில் குறியாக்கம் செய்து வைக்கிறது. அதைத் திறக்கும் சாவி அதே கோப்புறையில் இன்னொரு கோப்பில் இருக்கிறது. நீங்கள் தனியாக ஒரு பாஸ்வேர்ட் கொடுக்காதவரை அந்தச் சாவிக்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டு கோப்புகளையும் பென்டிரைவில் நகலெடுத்து வேறொரு ஃபயர்ஃபாக்ஸில் போட்டால் எல்லாமே திறந்துவிடும்.

இதற்கான மருந்து ‘பிரைமரி பாஸ்வேர்ட்’. முன்பு இதன் பெயர் ‘மாஸ்டர் பாஸ்வேர்ட்’, 2020-இல்தான் மாற்றினார்கள். செட்டிங்ஸ் போய், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யில் பாஸ்வேர்ட் பகுதியைத் தேடி, ‘யூஸ் எ பிரைமரி பாஸ்வேர்ட்’ என்பதை டிக் செய்து இரண்டு முறை அடிக்க வேண்டும். அதன் பிறகு ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து முதல் முறை ஒரு பாஸ்வேர்ட் தேவைப்படும்போது இதைக் கேட்கும். கொடுத்துவிட்டால், பிரவுசரை மூடும் வரை மற்றவற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் சன்னலைச் சுருக்கி வைக்காமல் ஃபயர்ஃபாக்ஸை முழுதாக மூடிவிடுங்கள்.

பிரைமரி பாஸ்வேர்ட் மறந்துபோனால் யாராலும் மீட்டுத் தர முடியாது. ரீசெட் செய்யலாம், ஆனால் அந்தக் கணினியில் சேமித்தவை எல்லாம் அழிந்துவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நினைவில் நிற்கும், ஊகிப்பதும் கடினம்: கழுதை, மின்கம்பம், துவரை, ஜன்னல் மாதிரி. (இதையே போட்டுவிடாதீர்கள்.) பழமொழி, குறள் அடி, சினிமாப் பாட்டு வரி எதுவும் வேண்டாம். இந்தப் பூட்டு சிங்க் வழியாக மற்றக் கருவிகளுக்குப் போகாது. ஒவ்வொரு கணினியிலும் தனியாகப் போட வேண்டும்.

குரோமில் இப்படித் தனிச் சாவி இல்லை. விண்டோஸில் அது பூட்டுவதை உங்கள் விண்டோஸ் லாகினிடமே ஒப்படைக்கிறது. அதனால் வட்டை மட்டும் கழற்றி எடுத்துப் போனவருக்கு எளிதில் திறக்காது. நீங்கள் லாகின் செய்து உட்கார்ந்த பிறகோ, தொடக்கத்தில் பார்த்த அந்த ஓட்டை திறந்தே இருக்கிறது. அதை அடைக்க, கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரின் செட்டிங்ஸில் ‘யூஸ் விண்டோஸ் ஹலோ வென் ஃபில்லிங் பாஸ்வேர்ட்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். மேக்கில் இதே இடத்தில் ‘ஸ்கிரீன் லாக்’ என்று இருக்கும். இனி ஒவ்வொரு முறை நிரப்புவதற்கு முன்பும் பின் அல்லது கைரேகை கேட்கும். அதே இன்ஸ்பெக்ட் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள், பெட்டி காலியாகவே இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த 1234 தான் உங்கள் பின் என்றால், அதை மாற்றாமல் இதைச் செய்வதில் அர்த்தமில்லை.

ஃபயர்ஃபாக்ஸின் புதிய பதிப்புகளிலும் பிரைமரி பாஸ்வேர்டுக்குப் பக்கத்தில், கருவியின் லாகினைக் கேட்டு நிரப்பும் ஓர் அமைப்பு உண்டு. பக்கத்தில் உட்காருபவரைத் தடுக்க அது நன்றாக உதவும். கோப்பை நகலெடுப்பவரைத் தடுக்க பிரைமரி பாஸ்வேர்ட்தான் வேண்டும்.

நான்காவது படி: சிங்க் ஆகும் கணக்கு

என் பார்வையில் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி இதுதான். பெரிய நிறுவனங்களே சறுக்கிய இடம்.

ஆக்டா என்பது மற்ற நிறுவனங்களின் லாகினைப் பாதுகாத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம். 2023 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை அதன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் கோப்புகளை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் அவர் கையில் சிக்கின. நிறுவனமே பிறகு வெளியிட்ட விளக்கம் இது: ஊழியர் ஒருவர் ஆபீஸ் லேப்டாப்பில் இருந்த குரோமில் தன் சொந்த கூகுள் கணக்கில் நுழைந்திருந்தார். ஆபீஸ் கணக்கு ஒன்றின் பெயரும் பாஸ்வேர்டும் அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்பட்டன. அந்தச் சொந்தக் கணக்கோ கருவியோ கைப்பற்றப்பட்டதுதான் பெரும்பாலும் காரணம் என்றார்கள். 2022-இல் சிஸ்கோ என்ற நெட்வொர்க் கருவி நிறுவனத்துக்கும் இதே வழியில் ஆள் நுழைந்தார்: ஓர் ஊழியரின் சொந்த கூகுள் கணக்கு போனது, அதில் சிங்க் ஆகியிருந்த ஆபீஸ் பாஸ்வேர்டும் கூடவே போனது. பிறகு லாகினுக்கு அனுமதி கேட்கும் கோரிக்கையை அவருக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியும் போன் செய்து ஏமாற்றியும் அவரை ஒப்புதல் பொத்தானை அழுத்த வைத்தார்கள்.

‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று பிரவுசர் கேட்கும்போது, எங்கே சேமிக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் சொந்தக் கணக்கில் நுழைந்திருந்தால் இன்றே வெளியேறிவிடுங்கள். அங்கே ஏற்கெனவே சேமித்த ஆபீஸ் பாஸ்வேர்ட்களைச் சொந்தக் கணக்கிலிருந்து அழித்து, அவற்றை மாற்றவும் செய்யுங்கள்.

அப்புறம் கணக்கைப் பலப்படுத்துவது. கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். முடிந்தால் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக, கருவியின் பூட்டைத் திறந்தே நுழையும் முறை) போடுங்கள்; போலித் தளத்தில் அது வேலை செய்யாது, ஓடிபி மாதிரி போனில் கேட்டு வாங்கவும் முடியாது. ‘பேக்அப் கோட்ஸ்’ என்று எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் கொடுப்பார்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அதை அச்சிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். போன் தொலைந்த அன்று அந்தத் தாள் கைகொடுக்கும்.

மீட்பு எண்ணையும் பாருங்கள். பழைய சிம் எண் இன்னும் அங்கே இருக்கிறதா? இந்தியாவில் நிறுத்தப்பட்ட ஓர் எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் கணக்கை மீட்கும் குறியீடு முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும்.

இதற்கு மேலும் வேண்டும் என்பவர்களுக்கு, குரோமின் சிங்க் அமைப்பில் ‘பாஸ்ஃபிரேஸ்’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் கூகுளால்கூட உங்கள் பாஸ்வேர்ட்களைப் படிக்க முடியாது. மறந்தால் சிங்க் ஆனதை அழித்து மீண்டும் தொடங்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸின் சிங்க் இயல்பிலேயே அப்படித்தான் பூட்டப்படுகிறது. அதனால் மொசில்லா கணக்கின் மீட்புச் சாவியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: உள்ளே வரும் திருடன்

பாஸ்வேர்ட் திருடுவதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ரெட்லைன், ரக்கூன், லும்மா என்று பெயர்கள். 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரையிலான இரண்டு மாதத்தில் மட்டும் லும்மா புகுந்த விண்டோஸ் கணினிகள் 3,94,000-க்கு மேல் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. இவை ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பாஸ்வேர்ட், குக்கி (நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவு), கார்டு விவரம் எல்லாவற்றையும் சுருட்டி அனுப்பிவிடும். உங்கள் பெயரில் ஓடுவதால் விண்டோஸ் அதை நீங்கள் என்றே நினைக்கிறது. 2024 ஜூலையில் வந்த குரோம் 127-இல் கூகுள் இதற்கென்று ஒரு கூடுதல் பூட்டை, முதலில் குக்கிகளுக்கு, கொண்டுவந்தது. செப்டம்பருக்குள் அதைத் தாண்டிவிட்டோம் என்று திருட்டு நிரல் விற்பவர்கள் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். எனவே உள்ளே விடாமல் இருப்பதுதான் இங்கே பாதுகாப்பு.

எப்படி உள்ளே வருகிறது? கிராக் செய்த போட்டோ எடிட்டர், விண்டோஸை ‘ஆக்டிவேட்’ செய்யும் சின்னக் கருவி, கேமில் ஏமாற்ற உதவும் நிரல். இவற்றை நிறுவச் சொல்பவர்கள் தவறாமல் ஒரு வரி சேர்ப்பார்கள்: “ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.” அந்த வரியைப் படித்தவுடன் பக்கத்தை மூடுங்கள். அண்மைக்காலத் தந்திரம் ஒன்று: ‘நான் ரோபோ அல்ல’ என்பது போன்ற ஒரு பெட்டி வரும். அழுத்தினால், விண்டோஸ் சாவியும் ஆர் எழுத்தும் அழுத்தச் சொல்லும், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர். நீங்கள் சரிபார்ப்பு என்று நினைத்து அழுத்துவது, அந்தப் பக்கம் உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) போட்டுவைத்த கட்டளையை ஓட வைப்பது. எந்த உண்மையான தளமும் அந்த மூன்றையும் அழுத்தச் சொல்லாது.

எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) பட்டியலையும் ஒருமுறை திறந்து, எதற்கு நிறுவினோம் என்று நினைவு வராததை எல்லாம் நீக்கிவிடுங்கள். எல்லாத் தளங்களிலும் படிக்க அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன், நிரம்பிய பாஸ்வேர்டையும் படிக்க முடியும்.

ஆறாவது படி: எதைப் பிரவுசரில் வைக்கக் கூடாது?

வங்கி, பங்குச் சந்தைக் கணக்கு, முதன்மை மெயில், பிறரின் பணத்தைக் கையாளும் ஆபீஸ் லாகின். இந்த நாலையும் பிரவுசரில் வைக்காமல், பிட்வார்டன் அல்லது கீபாஸ் எக்ஸ்சி போன்ற தனி மேனேஜரில் வைப்பது நல்லது. கீபாஸ் எக்ஸ்சி இலவசம், பாஸ்வேர்ட் கோப்பு உங்கள் கையிலேயே இருக்கும், ஆனால் நகலெடுத்துப் பாதுகாப்பது உங்கள் பொறுப்பு. பிட்வார்டன் போனுக்கும் கணினிக்கும் தானே சிங்க் செய்யும். பத்துக் கணக்குதான் இருக்கிறது என்பவர் தாளில் எழுதிப் பீரோவில் வைத்தாலும் நான் சிரிக்க மாட்டேன். வெளிநாட்டுத் திருடனுக்கு உங்கள் பீரோ எட்டாது.

பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், கல்லூரி லேப் ஆகியவற்றில் சேமிக்கவா என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் ‘நெவர்’. குரோமிலேயே சைன் இன் செய்யவும் கூடாது. தெரியாமல் செய்துவிட்டீர்கள் என்றால், வீட்டுக்கு வந்து கூகுள் கணக்கின் ‘யுவர் டிவைசஸ்’ பகுதியில் அந்தக் கணினியைத் தேடி வெளியேற்றி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

ஒரு பிரவுசரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ‘எக்ஸ்போர்ட்’ செய்வோம். வரும் கோப்பு எக்ஸெலில் திறக்கும் சாதாரணப் பட்டியல்தான்: தளம், பெயர், பாஸ்வேர்ட், எல்லாம் வெட்ட வெளிச்சமாக இருக்கும். டவுன்லோட்ஸ் கோப்புறையில் அது வருடக்கணக்கில் கிடப்பது சாதாரணம். இப்போதே தேடிப் பாருங்கள். மாற்றியதும் ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தி அழியுங்கள். அந்தக் கோப்புறை கிளவுடுக்குத் தானாக ஏறுகிறது என்றால் அங்கேயும், அங்கிருக்கும் குப்பைத் தொட்டியிலும் அழிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது கூடவே கூடாது.

திருடு போய்விட்டது என்று தெரிந்தால்

சந்தேகப்படும் கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். புதியதையும் அதே நிரல் எடுத்துக்கொள்ளும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, போனையோ வேறு நல்ல கணினியையோ எடுங்கள். மெயிலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் ரீசெட் இணைப்பும் அங்கேதான் வரும். அடுத்து வங்கி, பிறகு சமூக வலைத்தளங்கள். ஒவ்வொன்றிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். திருடனிடம் உங்கள் குக்கி இருந்தால் அவனுக்கு பாஸ்வேர்டோ ஓடிபியோ தேவையில்லை; ஏற்கெனவே உள்ளே இருப்பவனாகத்தான் தளம் அவனை நினைக்கும். பழைய கணினியில் தேவையான கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸை முழுதாக மீண்டும் நிறுவுங்கள்.

பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரங்களில்தான். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று உட்காரும் முன் ஜிமெயிலின் செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’, ‘ஃபார்வர்டிங்’ என்ற இரண்டு பகுதிகளையும் திறந்து பாருங்கள். நுழைந்தவன் வங்கி மெயில்களைத் தன் முகவரிக்குத் திருப்பிவிடவோ, நீங்கள் பார்க்காதபடி நேராகக் குப்பைக்கு அனுப்பவோ விதி போட்டிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். தெரியாத முகவரி எது இருந்தாலும் நீக்கிவிடுங்கள்.